கழுதையின் வலது கை

"ஏத்தா, கழுதையாக் கத்துறதுக்கா ஒன்னையக் காலேசுக்கு அனுப்புனாக?"

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இதைக் கேட்டபோது அமராவதிபுதூரில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கத்துறது வேற ஆளு அத்தே. எனக்குக் கை மட்டுந்தேன்."

"கையா? கழுதைக்கு ஏதுடி கை?"

சினிமாக் கழுதைக்குக் கை உண்டு என்பதை நானே அதற்கு முந்தைய வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். நான் காரைக்குடியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினேன். புதிதாகப் பார்ப்பவர்களிடம் இதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். அடக்கமாக இருக்க வேண்டும் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை. பட்டம் வாங்கியவர் டீச்சர் ஆகலாம், வங்கியில் சேரலாம், போலீஸ் ஆகலாம் என்பது அத்தையின் கணக்கு. பொம்மைக்குள் கைவிடும் வேலை அதில் இல்லை.

அந்தக் கழுதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் பக்கத்து உள்ளூர் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பொம்மை நிகழ்ச்சி வரும். அதில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் ஒரு கழுதையும், எது சொன்னாலும் தலையாட்டும் ஓர் ஓணானும் இருந்தார்கள். கழுதை சமைத்துக்கொண்டே பாடும். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அதற்குக் கனைப்பு வந்துவிடும், அடக்கப் பார்க்கும், முடியாது. கோட்டையூரைச் சேர்ந்த ஒருவர் பழைய கம்பளியில் அந்தக் கழுதையைத் தைத்து, அவரே கை நுழைத்து, அவரே குரல் கொடுத்தார். ஓணானுக்கு அவருடைய நண்பர். கேபிள் நடத்தியவர் தொழிலை விட்டதும் நிகழ்ச்சியும் நின்றது. பல வருடம் கழித்து யாரோ பழைய கேசட்டுகளிலிருந்து பாட்டுகளை எடுத்து இணையத்தில் போட, கழுதை மறுபடியும் கிளம்பிவிட்டது. டவுன் பஸ்ஸில் யாருடைய போனாவது கனைக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சென்னையிலிருந்து ஓர் இளம் இயக்குநர் வந்தார். கழுதையையும் ஓணானையும் வைத்துக் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஒரு பாட்டும் சிரிப்புமான படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். கழுதைக்கு உரியவரை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். அவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். பொம்மை தூக்க உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கல்லூரியில் கிராமப் பள்ளிகளுக்குப் போய் அறிவியல் பொம்மலாட்டம் நடத்தியிருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

கம்பளிக் கழுதைக்குக் கை கிடையாது. இரண்டு பக்கமும் சும்மா தொங்கும். படத்துக்காகச் சென்னையில் ஸ்பாஞ்சில் செய்த புதுக் கழுதைக்கு முழங்கை வரை உறை போட்ட இரண்டு கைகள் இருந்தன. அதை இயக்க இரண்டு பேர் வேண்டும். நாங்கள் ஓர் உயரமான மேடைக்குக் கீழே நிற்போம், கழுதை மேடைக்கு மேலே தெரியும். அண்ணனுடைய வலது கை கழுதையின் தலைக்குள் இருக்கும். வாயைத் திறந்து மூடுவது அந்தக் கைதான். அவருடைய இடது கை கழுதையின் இடது கைக்குள் போகும். மிச்சம் இருக்கும் வலது கைதான் நான். அவருடைய அக்குளை ஒட்டி நின்று, என் வலது கையை மேலே நீட்டி, கழுதையின் வலது உறைக்குள் விட்டுக்கொண்டு நாள் முழுவதும் நிற்பேன்.

எனக்கு வேண்டியது கை இல்லை, கழுதை. படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது, கழுதை என்பதற்கு நேராக என் பெயர் வர வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருடைய பெயரும் ரேஷன் கார்டையும் என் பட்டச் சான்றிதழையும் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணப் பாட்டைக் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், எடுத்தார்கள். தரையில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டின் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். அதனால்தான் மேடை. வழுவழுப்பான சுவரில் எங்கள் தலைகள் கண்ணாடியில்போல் தெரிந்ததால், நாங்கள் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றோம். சித்திரை வெயிலில் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பாட்டு இப்படித் தொடங்கும்:

இலையப் போட்டாச்சு, எல்லாரும் உக்காரு,
உப்பு கொறஞ்சாக்க உரலுகிட்டக் கேளு.

கழுதை வாசலில் நின்று விருந்தாளிகளுக்குச் சந்தனம் நீட்டும், வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுக்கும். பிறகு பந்தியில் சோறு போடும். விருந்தாளிகள் எல்லோரும் மனிதர்கள். பாதிப் பேர் நடிகர்கள், மீதி எங்கள் ஊர்க்காரர்கள். இரண்டு நாள் எடுத்தோம். அண்ணன் அந்த இரண்டு நாளும் மிக நன்றாகச் செய்தார். கழுதை ஒரு விருந்தாளியைப் பார்த்துக் கண் சிமிட்டுவதுபோல் தலையைச் சாய்த்து வெற்றிலையை நீட்டும்போது, கீழே நிற்கும் எனக்கே கழுதைக்கு உயிர் இருப்பதாகத் தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் அவருடைய கையே செய்தது. என் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, அப்படியே பிடித்துக்கொள் என்று சொல்லியிருந்தார்கள். கரண்டி அசையக் கூடாது.

வேலை இல்லாமல் நின்ற நேரத்தில் ஒரு பழக்கம் வந்தது. என் வலது கை மேலே மாட்டியிருந்தது. சும்மா தொங்கிய இடது கையை, அண்ணன் பாடும்போது அவர் குரலுக்கு ஏற்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் கீழ்த்தாடை, மற்ற நான்கும் மேல்தாடை. எங்கே மூச்சு வாங்குவார், எந்த எழுத்தில் இழுப்பார் என்பதெல்லாம் அவர் விலா எலும்பு என் தோளில் பட்டுப் பட்டே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, அதுவரை எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, வீட்டின் முன்பகுதியை விடுதியாக நடத்துபவர் அவர். இயக்குநரின் மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். கழுதை சந்தனம் நீட்டியது. ஆச்சி சிரிக்கவில்லை. வெற்றிலை கொடுத்தது. அப்போதும் சிரிக்கவில்லை.

"தம்பி, இந்தக் கழுதை யாரு வீட்டுக் கழுதை?"

"ஏன் ஆச்சி?"

"பீச்சாங்கையால வெத்தல பாக்குக் குடுக்குது. எங்க வீட்டுக் கல்யாணத்துல இப்படிக் குடுத்திருந்தா, மாப்பிள்ள வீட்டுக்காரக அங்குட்டே காரைத் திருப்பிருப்பாக."

இயக்குநர் திரையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அண்ணன், "இல்லையே, சோத்தாங்கையாலதான குடுத்தோம்? நான் மானிட்டர்லயே பாத்தேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மேடைக்கு அடியில் எங்களுக்கு ஒரு தனி மானிட்டர் உண்டு. மேலே கழுதை என்ன செய்கிறது என்பதை அதில் பார்த்துத்தான் இயக்க வேண்டும். ஆனால் அதில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அப்போதுதான் நாம் வலப்பக்கம் போனால் கழுதையும் திரையில் வலப்பக்கம் போகும், கை தடுமாறாது. ஆகவே எங்கள் மானிட்டரில் கழுதை இரண்டு நாளும் மரியாதையாகச் சோற்றுக் கையாலேயே கொடுத்தது. நேராகக் காட்டும் இயக்குநரின் மானிட்டரில்தான் இடது கை. அவரோ இரண்டு நாளும் கழுதையின் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமதள ஆடியில் இடவல மாற்றம் என்ற கேள்விக்கு நான் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள். எனக்கும் தோன்றவில்லை. எனக்கு வேலை தரவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஒளிப்பதிவாளர் ஒரு வழி சொன்னார். "சிம்பிள் சார். படத்தையே திருப்பிப் போட்டுடலாம்."

ஆச்சிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "நல்லா இருக்கு. கழுதை ஒழுங்காக் குடுக்கும். உக்காந்திருக்க மனுசரெல்லாம் பீச்சாங்கையால திம்பாக. எல நுனியும் வலப்பக்கம் போயிரும். தியேட்டர்ல இருக்கவுக எந்திரிச்சுப் போயிருவாக தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் வேலையும் போனது.

மறுபடி எடுக்க வேண்டும், கொடுப்பதை எல்லாம் வலது கையே செய்ய வேண்டும் என்று ஆனது. அதாவது நான். கரண்டியை வாங்கிக்கொண்டு வெற்றிலையைக் கொடுத்தார்கள். ஒத்திகை தொடங்கியது. தலை அவரிடம், கை என்னிடம். கழுதை ஒரு கிழவரைப் பார்த்து இளித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த அம்மாவின் மூக்கில் சந்தனத்தை அப்பியது.

"நீ எங்குட்டுப் போற?" என்றார் அண்ணன் போர்வைக்குள்.

"நீங்க பாக்குற பக்கந்தேண்ணே."

"நான் பாத்தது அந்தப் பெரியவர."

"பாத்தீக. அப்புறம் எனக்குச் சொல்லாமத் திரும்பிட்டீக."

"கழுத திரும்புறதுக்கு ஒன்கிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா?"

மேலே விருந்தாளிகள் சிரிப்பது கேட்டது. எங்கள் மைக் அணைக்கப்படவில்லை.

மறுபடி செய்தோம், மறுபடி தவறியது. தலையும் கொடுக்கும் கையும் வேறு வேறு ஆளிடம் இருந்தால், கழுதை ஒருவருக்கு வேண்டாவெறுப்பாகக் கொடுப்பதுபோல் இருந்தது. கொடுக்கும் கையைக் கண் பின்தொடர வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் அது நடக்கும். அப்படியானால் தலை இடது கையிலும், கழுதையின் வலது கை அதே ஆளின் வலது கையிலும் இருக்க வேண்டும். அண்ணன் முயன்றார். அவருடைய இடது கையில் கழுதைக்குப் பல்வலி வந்தது போலிருந்தது. இத்தனை வருடமும் அவருடைய வலது கைதான் பாடியிருக்கிறது, இடதுக்கு அந்தப் பாட்டே தெரியாது.

நான் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"சார், நான் தலையை எடுத்துக்கிறேன்."

இயக்குநர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கிறதுக்கு இது என்ன இட்லிச் சட்டியா தாயி? இந்தக் கழுதை நான் தச்சது. நீ அப்பப் பால்வாடில இருந்திருப்பே."

"கழுதை ஒங்களுதுதேண்ணே. யாரு இல்லைன்னா? ஒரு தடவ பாருங்க. நல்லா இல்லைன்னா நானே கரண்டியப் பிடிக்கிறேன்."

அண்ணன் ஆச்சியைப் பார்த்தார், தன் பக்கம் பேசுவார் என்று நினைத்திருக்கலாம். ஆச்சி, "பந்தி ஆறிப்போகுது. யாராச்சும் பரிமாறுங்க" என்றார்.

இடம் மாறினோம். என் இடது கை தலைக்குள், வலது கை கழுதையின் வலது கைக்குள். அண்ணன் எனக்கு இடப்பக்கம் வந்து, தன் இடது கையை மட்டும் கழுதையின் இடது கைக்குள் விட்டுப் பரிமாறும் வாளியைப் பிடித்தார். பாடுவது அவர்தான். அவருடைய குரலுக்கு என் கை வாயைத் திறந்தது. முதல் அடியில் கொஞ்சம் முந்திவிட்டேன். இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டேன். உப்பைப் பற்றிய இடத்தில் அவர் எப்போதும் சற்று நிறுத்துவார். அவர் நிறுத்தியபோது கழுதையும் வாயைத் திறந்தபடியே நிறுத்தி, கிழவரைப் பார்த்து, வெற்றிலையை நீட்டியது. கிழவர் நடிகர் இல்லை, எங்கள் பக்கத்துக்காரர். அவர் தன்னையறியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கனைப்பு வந்தது. பந்தி முழுவதும் சிரித்தது.

"ஓகே" என்றார் இயக்குநர்.

அண்ணன் போர்வைக்குள்ளேயே, "கையி ஒனக்கு. கொரலு எனக்கு. அத மறந்துராத" என்றார். குரல் தணிந்திருந்தது, ஆனால் மிரட்டல்தான்.

கல்யாணப் பாட்டு முழுவதையும் அப்படியே முடித்தோம். மற்றக் காட்சிகளில், கொடுக்கல் வாங்கல் இல்லாத இடங்களில், தலை மீண்டும் அவரிடம் போனது, நான் கரண்டிக்குப் போனேன். படத்தில் எந்தக் கழுதை அவர், எந்தக் கழுதை நான் என்று பார்த்தால் தெரியாது என்றார்கள். எனக்குத் தெரியும். என்னுடையது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

படப்பிடிப்பு முடிந்த அன்று இயக்குநரிடம் நேராகக் கேட்டேன். "கழுதைக்கு யாரு பேரு சார் வரும்?"

"குரல் யாரோ, அவங்க பேர்தான் நேரா வரும். மத்தவங்க பொம்மைக் குழுன்னு கீழ வருவாங்க. அதுதான் வழக்கம்."

"பந்திப் பாட்டுல கழுதை நாந்தான சார்?"

"உடம்பு நீங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிறகு அவரே ஒன்று சொன்னார். வீட்டில் பதிவான குரலில் காக்கைச் சத்தமும், பஸ் ஹாரனும், அடுப்படியில் ஆச்சி வைத்த குக்கரின் விசிலும் விழுந்திருக்கின்றன. கழுதையின் பேச்சையும் பாட்டையும் சென்னையில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அண்ணனுக்கு இப்போதெல்லாம் கனைப்புக்கு முன்னால் இருமல் வந்துவிடுகிறது. அதனால் சிலரிடம் குரல் மாதிரி கேட்கப் போகிறோம் என்றார்.

"நானும் அனுப்பலாமா?"

"கழுதை ஆண் ஆச்சே."

"அனுப்பலாமா, கூடாதா சார்?"

"அனுப்புங்க. கேக்குறதுல என்ன."

பாடுவது எனக்குக் கடினமாக இல்லை. கனைப்புதான் வரவில்லை. வீட்டில் பழக முடியாது. ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கிப் போய்ப் பழகினேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம், வெளியே விடும்போது ஒரு சத்தம். வெளியே விடும் சத்தத்தை மட்டும் செய்தால் ஆள் கத்துவது போலத்தான் இருக்கும். உள்ளே இழுப்பதுதான் கழுதை. அது பிடிபட்ட அன்று கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, இங்குட்டுக் கழுத எதுவும் போச்சா? சத்தம் கேட்டுச்சு."

"இல்லையேண்ணே" என்றேன். அவர் நம்பாமல் சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பந்திப் பாட்டை முழுவதும் பாடி, கனைத்து, போனில் பதிவு செய்தேன். அனுப்புவதற்கு முன்னால் கோட்டையூர் போய் அண்ணனைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் செய்ய எனக்கு விருப்பமில்லை. அனுமதி கேட்கவும் போகவில்லை. அவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கழுதைக் கொரலுக்கு நானும் அனுப்பப் போறேண்ணே. சொல்லிட்டு அனுப்பலாம்னு வந்தேன்."

அவர் நிமிரவில்லை. "கழுத ஆம்பள."

"எந்தப் பாட்டுலண்ணே அப்படி வருது?"

அவர் கை நின்றது. தான் எழுதிய பாட்டுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. நானும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சமையல்காரர் என்று வரும், சோம்பேறி என்று வரும், சம்பந்திகளோடு சண்டைக்குப் போகிறவர் என்று வரும். வேறொன்றும் வராது.

"எதுலயும் வரல" என்றார் கடைசியில். "அதுக்காக? நானும் அனுப்பத்தான் போறேன். நீ அனுப்புறங்கிறதுக்காக விட்டுக் குடுத்துருவேன்னு நெனைக்காத."

"நெனைக்கலண்ணே."

"போட்டுக் காட்டு."

"இல்லண்ணே. காட்ட மாட்டேன்."

அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சைக்கிள் சங்கிலியைச் சுற்றிவிட்டார். காபி சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே பாட்டை அனுப்பினேன். அன்று சாயங்காலம் இயக்குநரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். பாட்டு வந்துவிட்டது, வசனமும் கேட்க வேண்டும், ஸ்டுடியோவுக்கு நேரில் வர முடியுமா, அண்ணனும் வருகிறார் என்றார். முடியும் என்றேன். போனை வைத்ததும் காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போய், சென்னை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.